கிளிஞ்சல் சுண்ணாம்பும் கெல்ட்ரியா மேடும்

நான் சுண்ணாம்பு வேலைக்காரன். பழைய கட்டடங்களின் பூச்சைப் பார்ப்பது, விரிசல் அடைப்பது, வேர் எடுப்பது, ஓதம் ஏறிய சுவரை மறுபடி காயவைப்பது இதெல்லாம்தான் என் பிழைப்பு. கோட்டைச் சுவர், கோயில் மதில், ஜமீன் பங்களா என்று கை வைத்த இடங்கள் பல. ஆனால் எனக்குப் பாடம் சொல்லித்தந்தது பழவேற்காட்டில் இருக்கும் கெல்ட்ரியாக் கோட்டைதான்.

கோட்டை என்றதும் மதிலும் கொத்தளமும் மனசில் வரும். இங்கே நீங்கள் காண்பது சீமைக் கருவேலம் மண்டிய ஒரு மேடு. சுற்றிலும் தூர்ந்துகொண்டிருக்கும் அகழி. அங்கங்கே மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே தெரியும் செங்கல் கட்டுமானம். அந்தக் கட்டுமானத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் என் தொழிலின் பெருமை தெரியும். வெள்ளைக்காரன் வேண்டுமென்றே தகர்த்த கோட்டை அது. சுவர்கள் பாளம் பாளமாகச் சாய்ந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பாளத்துக்குள்ளும் செங்கற்கள் ஒன்றையொன்று விடவில்லை. மெல்லிய, தட்டையான செங்கற்கள்; நடுவே வெளுத்த சாந்து. சாந்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் சரியாக வேகாத கிளிஞ்சல் துணுக்கு தட்டுப்படும். இந்தப் பழவேற்காடு ஏரியில் பிறந்த கிளிஞ்சல்.

செஞ்சிக் கோட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே மலையே பாதிக் கோட்டை. ராஜகிரி உச்சி தரையிலிருந்து சுமார் 800 அடி. பாறையின் சரிவிலேயே மதிலை ஏற்றியிருக்கிறார்கள். அடித்தளம் தோண்டும் கவலை பல இடங்களில் அவர்களுக்கு இருந்திருக்காது. 1677இல் சிவாஜி பிடித்த பிறகும், அவர் மகன் ராஜாராமை உள்ளே வைத்து முகலாயப் படை 1698 வரை முற்றுகை போட்டபோதும் அந்த மலை காத்துக் கொடுத்தது. பழவேற்காட்டில் மலை கிடையாது, கருங்கல் கிடையாது. மணலும் சேறும் உப்புத் தண்ணீரும்தான் உண்டு. ஒரு பக்கம் ஏரி, அதற்கப்பால் கடல், ஆரணியாறு வந்து விழும் கழிமுகம். இந்த மண்ணில் நான்கு மூலைக் கொத்தளத்தோடு ஒரு கோட்டையை எழுப்பி, அது பல போர்களைத் தாங்கி நின்றது என்றால், அந்தப் பலம் முழுக்கச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் இருந்தது.

கோட்டை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே வந்துவிட்டார்கள். நூறு வருஷம் கழித்து டச்சுக்காரர்கள். சந்திரகிரியையும் வேலூரையும் தலைநகராகக் கொண்டு ஆண்ட விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதியிடம் 1610இல் வியாபார அனுமதி வாங்கினார்கள். ஆக, எங்கள் ஏரிக்கரையில் டச்சுக்காரர் காலூன்ற அனுமதி தந்ததும் ஒரு மலைக்கோட்டை அரசுதான். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர் டச்சுப் பண்டகசாலையை அழித்தார்கள். அதற்குப் பிறகுதான், வெறும் கிடங்கு போதாது, கோட்டையே வேண்டும் என்று வெம்மர் வான் பெர்கெம் என்கிற அதிகாரி 1613இல் இதைக் கட்டி முடித்தார். தன் சொந்த மாகாணமான கெல்டர்லாண்டின் பெயரையே வைத்தார். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் இதுதான். இங்கே நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து தயாரித்தார்கள். சோழமண்டலத் துணியைக் கப்பலேற்றி, கிழக்கே தீவுகளில் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றினார்கள். அதே துறையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கிழக்கே இருந்த படேவியா நகருக்கு ஏற்றினார்கள்.

இந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் கோட்டையைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பஞ்சத்தில் விற்கப்பட்டவர்களும் பிடிக்கப்பட்டவர்களும் இந்தக் கரையில்தான் படகேறினார்கள். அவர்களுக்குக் கல்லறை இல்லை, கல்வெட்டும் இல்லை. அவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்கு இந்த மேடுதான் சாட்சி. மேட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு 1781இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், திருப்பித் தந்தார்கள், 1795இல் மறுபடி பிடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். 1818இல் டச்சுக்காரர் கைக்கு வந்தது இடிபாடுதான். 1824இல் லண்டனில் போட்ட ஒப்பந்தப்படி 1825இல் பழவேற்காடு முழுவதுமாக ஆங்கிலேயருக்குப் போனது.

இனி என் தொழில்.

எங்கள் நைனா சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்துவிட்டுக் கொத்து வேலைக்கு வந்தவர். அதனால் கல் கட்டும் முன்னே சுண்ணாம்பைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கடையில் மூட்டையில் வரும் சுண்ணாம்புத் தூளை அவர் தொடவே மாட்டார். "எப்போ சுட்டான், எப்போ நீத்தான்னு தெரியாம சுவத்துல போட்டா, சுவரு ஒன்னைக் கேக்கும்டா" என்பார்.

ஏரிக் கிளிஞ்சலை அப்படியே சுடக் கூடாது. அதில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் காயவைத்து, மண்ணும் சேறும் போன பிறகே காளவாய்க்கு எடுப்போம். இதில் சோம்பல் பட்டால் அந்த உப்பு நாளைக்குப் பூச்சில் வெளியே வந்து பூக்கும். காளவாயில் ஓர் அடுக்கு அடுப்புக்கரி, ஓர் அடுக்கு கிளிஞ்சல் என்று மாற்றி மாற்றிப் போட்டு, அடியில் தீ மூட்டிக் காற்று கொடுப்போம். முன்பு துருத்தி, இப்போது மின்சார ஊதி. 900 டிகிரி அளவுக்குச் சூடு ஏறினால்தான் கிளிஞ்சலுக்குள் இருக்கும் கரிக்காற்று விட்டுப்போகும். வெந்த கிளிஞ்சல் பார்க்க அதே உருவத்தில்தான் இருக்கும், கையில் எடுத்தால் எடை பாதிக்குப் பக்கமாகக் குறைந்திருக்கும். 100 கிலோ போட்டால் 56 கிலோ மிஞ்சுவது சுத்தமான கிளிஞ்சலின் கணக்கு. அதற்கு மேல் எடை நின்றால் உள்ளே வேகவில்லை என்று அர்த்தம்.

நீற்றுவது தனி வித்தை. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் சுண்ணாம்பு திணறிப்போகும், தூளாகாமல் கட்டி நிற்கும். தெளித்துத் தெளித்துவிட வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு கிளிஞ்சல் வெடிக்கும், அடுத்தது, அதற்கடுத்தது, ஆவி கிளம்பும், கண்ணெதிரே குவியல் உப்பிச் சரிந்து மாவாகும். அந்த மாவைச் சலித்துத் தொட்டியில் தண்ணீருக்கடியில் போட்டுவிடுவோம். எத்தனை நாள் ஊறுகிறதோ அத்தனைக்குக் குழைவு கூடும். கடுக்காயை நசுக்கி, பனைவெல்லத்தோடு தனிப் பானையில் ஊறவைப்போம். அது புளித்து நுரை கட்டிய பிறகு வடிகட்டி, கலவைக்கு அந்தத் தண்ணீரை விடுவோம். மணலும் சுண்ணாம்பும் சேர்ந்த சாந்தை வட்டக் காடியில் கல் உருளை உருட்டி அரைப்பது அந்தக் காலம். இப்போது அரவை இயந்திரம். அரைபட்ட சாந்தைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் மறுபடி அரவைக்குப் போகும். தண்ணீர் தொடுகிற இடமாக இருந்தால் மணலைக் குறைத்து, நன்றாக வெந்த செங்கல்லை இடித்த தூளான சுர்க்கியைச் சேர்ப்போம். சுர்க்கி சேர்ந்த சாந்து தண்ணீருக்குள்ளேயும் இறுகும். அகழி ஓரக் கட்டுமானத்துக்கு வேறு வழியே கிடையாது.

கோட்டை மேட்டுக்கு எதிரே டச்சுக்காரர் கல்லறை இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். நுழைவாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். ஒன்றின் கையில் மணற்கடிகாரம். உள்ளே 70க்கும் மேற்பட்ட கல்லறைகள். கருங்கல் பலகைகளில் டச்சு எழுத்தும் குலச் சின்னங்களும் இன்றைக்கும் கூர்மையாக நிற்கின்றன. பெரிய மனிதர்களுக்குச் செங்கல்லில் கூரான ஸ்தூபியும் மண்டபமும் எழுப்பிச் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். கருங்கல்லுக்குப் பெரிய பாதுகாப்பு தேவையில்லை, அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். கவலை எல்லாம் செங்கல்லுக்கும் பூச்சுக்கும்தான்.

இந்த மாதிரிக் கட்டடத்தில் வேலை எப்படி நடக்கும் என்று ஒரு சின்ன இடத்தை வைத்துச் சொல்கிறேன். ஸ்தூபியின் அடிப்பகுதி, முழங்கால் உயரம். அங்கே பூச்சு உப்பி நிற்கும். விரலின் கணுவால் தட்டினால் பொக்கென்று கேட்கும். அந்தச் சத்தம் எதுவரை போகிறதோ அதுவரை கரித்துண்டால் கோடு போடுவோம். கோட்டுக்குள் இருப்பதை மட்டும் எடுப்போம், கோட்டுக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பூச்சில் கை வைக்க மாட்டோம். அது முன்னூறு வருஷத்துக்கு மேலான பூச்சாக இருக்கலாம். எடுத்த இடத்தில் செங்கல்லின் முகத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். உலர்ந்த தூரிகையால் துடைத்து அதைத் தாளில் வாரி எடுத்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த காகிதக்கூழைச் செங்கல்மேல் அப்பி, காயும்வரை விடுவோம். காயும்போது அது உள்ளிருந்து உப்பை உறிஞ்சிக்கொண்டு வரும். உரித்துப் போட்டுவிட்டு மறுபடி அப்புவோம். உப்பு குறைந்தது தெரிந்த பிறகுதான் சுவரை நனைத்து, முதல் பூச்சை அடித்து ஏற்றி, கட்டையால் தட்டி, அது இறுக இறுக மணியாஸ் கட்டையால் தேய்த்து, அடுத்த மெல்லிய பூச்சுக்குப் போவோம். மேலே ஈரக் கோணி. பங்குனி வெயிலில் சுண்ணாம்பு வேகமாகக் காய்ந்தால் தலைமுடி அளவுக்கு வெடிப்பு விழும். தை, மாசியில் முடித்துவிட்டால் நிம்மதி.

சிமெண்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கடற்கரையோரம் ஒரு பழைய பங்களா. ஊர் பெயர் வேண்டாம். கடந்த பத்து வருஷத்துக்குள் இடுக்கெல்லாம் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது செங்கல் எல்லாம் உள்ளே குழிந்து, தூளாக உதிர்ந்து கொண்டிருந்தது. சிமெண்ட் கோடுகள் மட்டும் தேன்கூட்டின் சட்டம் போலத் துருத்திக்கொண்டு நின்றன. காரணம் எளிது. தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம் வெளியே போயாக வேண்டும். சுண்ணாம்புச் சாந்து இருந்தால் அதன் வழியாகப் போகும், உப்பும் சாந்திலேயே தங்கும். சாந்து உதிர்ந்தால் மறுபடி சாந்து வைத்துக்கொள்ளலாம். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் செங்கல் வழியாகத்தான் மூச்சுவிட வேண்டும், உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உள்ளிருந்து உடைக்கிறது. பழவேற்காடு போல நாலு புறமும் உப்புக் காற்றும், தோண்டினால் தண்ணீருமாக இருக்கிற ஊரில் இது இன்னும் வேகமாக நடக்கும். போன செங்கல் போனதுதான்.

1923இல் தொல்லியல் துறைக்குத் தலைவராக இருந்த ஜான் மார்ஷல் ஒரு கையேடு எழுதினார். பழைய கட்டடத்தைப் புதிதாக்கிக் காட்டாதே, இருப்பதை இருக்கும்படி காப்பாற்று என்பதுதான் அதன் சாரம். 2014இல் துறை வெளியிட்ட தேசியக் கொள்கையும் மூலப்பொருளைக் கெடுக்காத வேலையைத்தான் கேட்கிறது. இந்த யோசனையைக் கொத்தனார் எவரும் ஏற்றுக்கொள்வார். நைனா இதை எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை, ஆனால் அவர் வேலை அப்படித்தான் இருந்தது.

2025 ஜூலையில் மராட்டியப் போர் நிலப்பரப்புகள் என்ற வரிசையில் செஞ்சியும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மனசு நிறைந்த செய்தி. அங்குள்ள கல்யாண மகாலைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு தகுதியான இடம் என்று தெரியும். அதே நேரத்தில், நின்றுகொண்டிருக்கும் கோட்டைக்குக் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்கு விழுந்துவிட்ட கோட்டைக்கும் வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. கண்ணுக்கு உயரமாகத் தெரிவதைத்தான் நாம் கோட்டை என்கிறோம். கெல்ட்ரியா உயரமாக இல்லை. ஆனால் அதன் அடித்தளம், அகழியின் ஓரக்கட்டு, மண்ணுக்குள் புதைந்த அறைகள் எல்லாம் என்ன நிலையில் இருக்கின்றன என்பதைத் தோண்டாமலேயே அறிய இன்றைக்குக் கருவிகள் உண்டு.

கோட்டைக்குப்பத்துப் பக்கம் ஒரு பெரியவர், வலை பின்னிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ஏம்பா மேஸ்திரி, வெள்ளக்காரன் கட்டுன கோட்டைக்கு நீ எதுக்கு இவ்ளோ பாடுபடுற?"

நான் ஓர் உடைந்த சாந்துத் துண்டைக் காட்டினேன். "இது யார் வாரியாந்த கிளிஞ்சல், பெரியப்பா?"

அவர் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "நம்ம ஏரிதான்" என்றார்.

திட்டம் போட்டவன் கெல்டர்லாண்டுக்காரன். கிளிஞ்சல் அள்ளியது, சுட்டது, செங்கல் அறுத்தது, சுமந்தது, அடுக்கியது யார்? அந்தக் கைகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கோட்டையின் படம் 1672இல் வெளிவந்த ஃபிலிப்பஸ் பால்டேயஸின் புத்தகத்தில் இருக்கிறது. பழவேற்காட்டில் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து எழுதிய நூல் 1651இல் வந்தது. படித்தவர்களின் பெயர் இப்படிப் புத்தகத்தில் தங்கியது. வேலைக்காரர்களுடையது சாந்தில் இருக்கிறது. சில செங்கல்லில் களிமண் ஈரமாக இருந்தபோது பதிந்த விரல்தடம் தெரியும்.

பெரியவருக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது, வீடு கட்டுவதைப் பற்றி. அது எனக்குப் பதில் சொல்ல முடியாத கேள்வி. 2010இல் திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக் கூடாது. அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். கல்லறையை ஒட்டிய தெருவில் ஓலைக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட நினைக்கும் குடும்பத்துக்கு இது பெரிய பாரம். சட்டம் அவசியம்தான், அது இல்லாவிட்டால் கல்லறைச் சுவரோடு சுவராக மாடி எழுந்திருக்கும். ஆனால் அனுமதி கேட்டு அலைவதற்கு ஒரு மீனவனுக்கு எத்தனை நாள் கடலுக்குப் போகாமல் இருக்க முடியும்? இந்தக் குப்பங்களில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைப் பாடு முறையில் தலைமுறையாகத் தாங்களே வகுத்து நடத்துகிறார்கள். அப்படி ஒழுங்கோடு வாழும் ஊரை, சின்னத்தைப் பாதுகாக்கும் வேலையில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளாமல் பலகை மட்டும் நட்டுவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அனுமதி விண்ணப்பத்தை ஊரிலேயே வந்து வாங்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கோட்டை மேட்டில் என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மதிலை மறுபடி கட்ட வேண்டாம். எப்படி இருந்தது என்று நமக்கு முழுதாகத் தெரியாது. தெரியாததைக் கட்டினால் அது சினிமா செட். கருவேலத்தைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கவும் வேண்டாம். அந்த வேர்கள் செங்கல் பாளங்களுக்குள் இறங்கியிருக்கின்றன; இழுத்தால் சுவரும் கூடவே வரும். மரத்தைத் தரையோடு வெட்டி, அடிக்கட்டையைத் துளிர்க்காமல் சாகடித்து, வேர் மக்கும்வரை பொறுத்திருந்து, அது விட்ட துளைக்குள் கிளிஞ்சல் சுண்ணாம்புக் குழம்பை மேலிருந்து மெல்ல ஊற்றி நிரப்ப வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை. வெட்டும் வேலையையும் ஒரேயடியாகச் செய்யக் கூடாது. மரம் போன இடத்தில் மண் வெறுமையானால் ஐப்பசி மழை மேட்டைக் கரைத்துவிடும். ஒரு பகுதியை வெட்டி, புல் பிடிக்கவிட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், மேட்டில் விழும் மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அது அகழிக்கு ஓட வழி செய்ய வேண்டும். வெளியே தெரியும் சுவர்களின் தலைக்கு மட்டும் சுர்க்கிச் சாந்தில் சரிவாக ஒரு மூடி போட்டால், மேலிருந்து தண்ணீர் உள்ளே இறங்காது.

இதற்கு வேண்டிய சுண்ணாம்பு அதிகம் இல்லை. ஆனால் அதைச் சுட இந்தப் பக்கத்தில் காளவாய்கள் அருகிவிட்டன. ஏரி பறவைகள் சரணாலயமாக இருப்பதால் கிளிஞ்சலை நினைத்தபடி வெட்டி எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. பூநாரைக்கும் மீன் குஞ்சுக்கும் அந்த ஏரி வேண்டும். மட்டியை அவித்துச் சதை எடுத்த பிறகு ஓடு கொட்டப்படுகிறதே, அதைச் சேர்த்தாலே எங்களுக்குப் போதும். அந்த ஓட்டைச் சேகரிக்கப் பெண்கள் குழு ஒன்றுக்கு அனுமதியும், தொல்லியல் வேலைக்கென்று ஒரே ஒரு சிறிய காளவாய்க்கு உரிமமும் கேட்டு எழுதியிருக்கிறேன். புகை விஷயத்தில் அதிகாரிகள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. குடியிருப்பிலிருந்து தள்ளி, காற்று கடலை நோக்கி வீசும் நேரத்தில் சுடுவது என்று திருத்தி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் வருகிற தையில் முதல் காளவாய் மூட்டலாம். என்னிடம் வேலை கற்கும் பிள்ளைகள் இப்போதே கிளிஞ்சலை அலசிக் காயவைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.